கடன்பட்டவரின் மோட்டார் காரைக் கடன் கொடுத்தவர் பிடிக்கலாமா?



கடை என்று ஒன்றைத் திறந்துவிட்டால் கடன் கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுத்த கடனெல்லாம் குறித்த நாளில் திரும்பிவிடும் என்று நம்பி இருக்கவும் முடியாது. இவ்விரண்டுக்கும் நடுவில்தான் மூவாரில் நம்மவர் வியாபாரம் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. பாக்கி வைத்தவர் நம் கடைப் பக்கம் தலைகாட்டாமல் ஒதுங்கும்போது, நம் கண்ணில் முதலில் படுவது அவருடைய மோட்டார் கார்தான். "கையில் பணமில்லை என்கிறான், காரில் மட்டும் போகிறானே! அதைப் பிடித்துப் போட்டால் பணம் தானாக வராதா?" என்று ஒரு முறையாவது சொல்லாத கடைக்காரர் நம்மில் உண்டா?

அப்படிச் சொன்னவர்களில் நாமும் ஒருவர். சொன்னதோடு நிற்காமல் செய்தும் பார்த்தோம். அதனால் நேர்ந்த வெட்கத்துக்குப் பிறகுதான் இவ்விஷயத்தை வக்கீலிடமும் மௌலவியிடமும் சென்று முறையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். நாம் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்த அளவுதான். ஆகவே நமக்கு விளங்கிய விதத்திலேயே, விளங்கும் சொற்களிலேயே இங்கு எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

பாகோ, புக்கிட் கம்பீர், பாரிட் ஜாவா முதலிய ஊர்களின் இரவுச் சந்தைகளில் கைலியும் துடோங்கும் விற்கும் ஒரு தம்பி நம்மிடம் சரக்கெடுத்து வந்தார். சொன்ன தேதியில் பணம் தருபவர்தான். ஒரு வருஷம் மழை ஓயாமல் பெய்து சந்தைகள் கெட்டன. அவர் தகப்பனாரும் நோயில் விழுந்தார். பாக்கி ஏறி 8,400 வெள்ளியில் வந்து நின்றது. டெலிபோன் எடுப்பதையும் நிறுத்திவிட்டார். அவரிடம் பாக்கியுள்ள இன்னொரு வியாபாரி நம்மிடம் வந்து, "அவனுடைய வேனை நாம் எடுத்து வைத்துக்கொண்டால் இரண்டே நாளில் பணத்தோடு ஓடி வருவான்" என்றார். நமக்கும் அது நியாயமாகவே பட்டது.

சுபுஹு தொழுதுவிட்டு இருவருமாக அவர் வீட்டு வாசலில் போய் நின்றோம். தம்பி வெளியே வந்தார். நம் முகத்தைப் பார்த்ததும் வந்த காரியம் அவருக்குப் புரிந்துவிட்டது. மறுவார்த்தை பேசாமல் சாவியை எடுத்துக் கொடுத்தார். "காக்கா, மகளுடைய பள்ளிக்கூடப் பை வண்டிக்குள் கிடக்கிறது, அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். எடுத்துக்கொண்டார். வேனைக் கொண்டுவந்து நம் கடைக்குப் பின்னால் நிறுத்தினோம்.

காலைப் பசியாற வந்த ஒரு வயதான ஹாஜியார் வேனைப் பார்த்துவிட்டு, "இது யாருடைய வண்டி?" என்று கேட்டார். "இன்னாருடையது, சாவி நம்மிடம் இருக்கிறது" என்றோம். "சாவி யாரிடம் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, தம்பி. வண்டி யாருடையது என்று கேட்டேன்" என்றார். அப்பொழுதுதான் வேனின் பெட்டியைத் திறந்து கிராண்டின் நகலைப் பார்த்தோம். அதில் ஒரு வங்கியின் உரிமைக் கோரிக்கை பதிவாகி இருந்தது. அதற்கடியில் அந்த வங்கி அனுப்பிய நோட்டீஸும் இருந்தது. இரண்டு தவணை நிலுவை. அதைக் கட்டுவதற்கு இன்னும் ஒன்பது நாட்களே இருந்தன.

நாம் பிடித்து வைத்தது அந்தத் தம்பியின் வண்டியே அல்ல. அவர் அந்த ஒன்பது நாளில் சந்தைக்குப் போய் நாலு காசு சம்பாதித்துத் தவணையைக் கட்டக்கூடிய வழியைத்தான் நாம் பிடித்து வைத்திருந்தோம்.

முதற் பாடம்: கார் யாருடையது?

வீட்டு வாசலில் நிற்பதனால் ஒரு கார் அவ்வீட்டுக்காரருடையது ஆகிவிடாது. கார்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வகை, பணம் முழுவதும் கட்டி முடிந்து, கடன்பட்டவர் பெயரிலேயே யாதொரு கோரிக்கையும் இல்லாமல் இருக்கும் கார். இது அவருடைய சொத்து.

இரண்டாவது வகை, வாடகைக் கொள்முதலில் எடுத்து இன்னும் தவணை முடியாத கார். இன்று நம் தெருக்களில் ஓடுபவற்றில் இவ்வகை ஏராளம். ஓட்டுகிறவர் பெயர் கிராண்டில் இருந்தாலும், கடைசித் தவணை தீரும் வரையில் சொந்தக்காரர் வங்கிதான். அவர் வாடகைக்கு வைத்திருப்பவர்; முடிவில் வாங்கிக்கொள்ளும் உரிமை பெற்றவர். இஸ்லாமிய வங்கிகளில் 'அல்-இஜாரா தும்ம அல்-பை' என்ற முறையில் எடுக்கும் வாகனத்துக்கும் இதே நிலைதான். முதலில் இஜாரா, அதாவது வாடகை, பிறகே விற்பனை. இதற்கும் நம் நாட்டின் வாடகைக் கொள்முதல் சட்டமே பொருந்தும்.

மூன்றாவது வகை, வேறொருவர் பெயரிலோ கம்பெனியின் பெயரிலோ உள்ள கார். மனைவியின் காரைக் கணவரின் கடனுக்காகத் தொட முடியாது. செண்டிரியான் பெர்ஹாட் கம்பெனி என்பது சட்டத்தின் கண்ணில் தனி ஆள். கம்பெனியின் கடனுக்கு முதலாளியின் சொந்தக் காரையும், முதலாளியின் சொந்தக் கடனுக்குக் கம்பெனிக் காரையும் பிடிப்பதற்கு இடமில்லை. அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அது வேறு. ஆனால் கடன்காரரை ஏமாற்றும் எண்ணத்தோடு திடீரென்று காரை மனைவி மக்கள் பெயருக்கு மாற்றினால், அம்மாற்றத்தைக் கோர்ட் ரத்துச் செய்ய இடமுண்டு என்பதையும் மறக்கலாகாது.

இவ்வாடகைக் கொள்முதல் முறை எப்படி நிலைபெற்றது என்பதற்கு ஒரு பழைய வழக்கைச் சொல்லுவார்கள். இங்கிலாந்தில் ஒருவர் மாதம் பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ் வீதம் 36 மாதத் தவணைக்கு ஒரு பியானோ வாத்தியத்தை எடுத்தார். தவணை முடியுமுன்பே அதைக் கொண்டுபோய் அடகுக் கடையில் வைத்துவிட்டார். பியானோவின் சொந்தக்காரரான ஹெல்பி என்பவர், அடகு பிடித்த மேத்யூஸ் என்பவர் மீது வழக்குத் தொடுத்தார். 1895-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது: எடுத்தவர் வாங்குவதற்குக் கட்டுப்பட்டவர் அல்லர், விரும்பினால் பாதியில் திருப்பிக் கொடுத்துவிடலாம், ஆகையால் பொருள் அவருடையது ஆகவில்லை, அவரிடமிருந்து அடகு பிடித்தவருக்கும் அதில் உரிமை இல்லை. பியானோவுக்குச் சொன்ன அந்த நியாயமே இன்று காருக்கும் வேனுக்கும் அடிப்படையாக இருக்கிறது. தன்னுடையது அல்லாததைக் கடன்பட்டவர் நமக்குக் கொடுக்கவும் முடியாது. அவரிடமிருந்து நாம் எடுக்கவும் முடியாது.

இரண்டாம் பாடம்: வங்கி எப்போது பிடிக்கலாம்?

சொந்தக்காரராகிய வங்கியுங்கூட நினைத்த மாத்திரத்தில் வண்டியைத் தூக்கிச் செல்ல முடியாது. 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் 1968 ஏப்ரல் 11 முதல் அமுலில் இருந்து வருகிறது. 2010-ல் செய்யப்பட்ட பெரிய திருத்தம் 2011 ஜூன் மாதம் முதல் நடப்புக்கு வந்தது. அதன் சாரம் பின்வருமாறு.

தொடர்ச்சியாக இரண்டு தவணை கட்டாமல் விட்டிருக்க வேண்டும். அல்லது கடைசித் தவணையைக் கட்டாமல் இருக்க வேண்டும். ஒரு மாதம் தவறியது என்பதற்காக எடுக்க முடியாது. எடுத்தவர் இறந்துபோயிருந்தால், தொடர்ச்சியாக நான்கு தவணை தவறிய பிறகே நடவடிக்கை எடுக்கலாம். மையித்து வீட்டின் துக்கம் ஆறுவதற்குச் சட்டமே கொஞ்சம் அவகாசம் தருகிறது.

அதன்பின் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் கண்டபடி எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து, 21 நாள் பொறுத்திருக்க வேண்டும். அந்த 21 நாளுக்குள் நிலுவையைக் கட்டிவிட்டால் வண்டி வாசலிலேயே நிற்கும். கட்ட இயலாதவர் அந்நாட்களுக்குள் தாமாகவே வண்டியைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டால், வண்டியைப் பிடிக்கும் செலவு அவர் தலையில் ஏறாது.

வண்டியின் ரொக்க விலையில் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் கட்டி முடித்திருந்தால், கோர்ட்டின் உத்தரவு இல்லாமல் வங்கி வண்டியை எடுக்கவே கூடாது. இந்தப் பாதுகாப்பு 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் வந்தது. இதை அறியாமல், முக்கால் பங்குக்கு மேல் கட்டியவர்களும் வண்டியைத் தாமே கொடுத்துவிட்டு அழுதுகொண்டிருக்கக் கூடாது என்பதற்காகவே அழுத்திச் சொல்லுகிறோம்.

வங்கிக்காக வண்டியை எடுக்க வருகிற ஆட்கள் அதற்கென்று அதிகாரிகளிடம் பெர்மிட் பெற்றிருக்க வேண்டும். யார், எந்தக் கடிதத்தின் பேரில் வந்திருக்கிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

எடுத்த பிறகும் உடனே விற்றுவிட முடியாது. ஐந்தாம் அட்டவணை நோட்டீஸ் கொடுத்து, மேலும் 21 நாள் வைத்திருக்க வேண்டும். அதற்குள் நிலுவையையும் செலவையும் கட்டி வண்டியை மீட்கலாம். விற்றபின் கடனுக்கு மேல் பணம் மிஞ்சினால் அது எடுத்தவரைச் சேரும். குறைந்தால் அக்குறைவை அவரே கட்ட வேண்டும். வண்டியும் போய்க் கடனும் நிற்பது இவ்விதமாகத்தான். ஜாமீன் நின்றவரையும் அது தொடரும். ஆதலால் சொந்தக்காரர், ஊர்க்காரர் என்று முகதாட்சணியத்துக்காக ஜாமீன் கையெழுத்துப் போடுமுன் பல தடவை யோசிக்க வேண்டும்.

வியாபாரிகள் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. வாகனங்களைப் பொறுத்தவரை இச்சட்டம் கார், மோட்டார் சைக்கிள், பஸ் இவற்றுக்கும், சரக்கோடு சேர்த்து 2,540 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனங்களுக்கும்தான். நம்மூரில் மேஜை நாற்காலி ஏற்றிப் போகிற பெரிய லோரிகள் இதற்குள் வருவதில்லை. அவற்றுக்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே பேசும். ஆகவே பெரிய லோரி எடுப்பவர்கள் கையெழுத்துப் போடுமுன் சின்ன எழுத்தையும் படித்துச் சொல்லக்கூடியவரை அருகில் வைத்துக்கொள்வது நலம்.

மூன்றாம் பாடம்: மற்றக் கடன்காரர்கள் என்ன செய்யலாம்?

நம்மைப் போல் சரக்குக் கடன் கொடுத்தவருக்கும், கைமாற்றுக் கொடுத்தவருக்கும் கடன்பட்டவரின் கார் மீது நேரடியாக யாதொரு உரிமையும் இல்லை. உரிமை கோர்ட்டின் வழியாகவே வர வேண்டும்.

கடனுக்கு வழக்குத் தொடுக்க வேண்டும். ஒரு லட்சம் வெள்ளி வரையிலான வழக்குகளை மாஜிஸ்திரேட் கோர்ட்டே விசாரிக்கும். பத்து லட்சம் வரை செஷன்ஸ் கோர்ட். தீர்ப்புக் கிடைத்த பிறகும் பணம் வராவிட்டால், 'பறிமுதல் செய்து விற்கும் ஆணை' ஒன்றைக் கோர்ட்டிடம் கேட்டுப் பெறலாம். அவ்வாணையோடு கோர்ட்டின் அமீனா போய், கடன்பட்டவருக்குச் சொந்தமான அசையும் பொருள்களை ஜப்தி செய்வார். அவை ஏலத்தில் விற்கப்பட்டுக் கடன் தீர்க்கப்படும். முதல் வகையிலே சொன்ன, தவணை தீர்ந்த சொந்தக் கார் இவ்விதம் ஜப்திக்கு உட்பட்டதே. ஆகவே, கேட்ட கேள்விக்கு விடை 'பிடிக்கலாம்' என்பதுதான். ஆனால் பிடிப்பது கோர்ட்டின் கை. நம் கை அல்ல.

தவணை முடியாத காரை அமீனா தவறுதலாக ஜப்தி செய்துவிட்டாலும், வங்கி கோர்ட்டுக்கு வந்து "இது எங்களுடையது" என்று காட்டி விடுவித்துக்கொள்ளும். ஜப்திச் செலவு கடன்காரருக்குத்தான் நஷ்டம். ஆகையால் ஆணை கேட்குமுன் அந்த வாகனம் யார் பெயரில், யாருடைய கோரிக்கையோடு இருக்கிறது என்பதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவைக் கொண்டு அறிந்துகொள்ள வேண்டும்.

கடன்பட்டவரிடம் விற்கத்தக்க பொருளே இல்லையென்றால் வேறு வழியும் உண்டு. அவரைக் கோர்ட்டுக்கு அழைப்பித்து, வருமானம் என்ன, செலவு என்ன என்று விசாரித்து, மாதம் இவ்வளவு கட்ட வேண்டுமென்று தவணை உத்தரவு போடச் செய்யலாம். இது 1957-ஆம் ஆண்டுக் கடனாளிகள் சட்டத்தின் வழி.

கடன் ஒரு லட்சம் வெள்ளியை எட்டினால்தான் திவால் வழக்குத் தொடுக்க முடியும். முன்பு முப்பதாயிரமாக இருந்த இவ்வெல்லை 2017-ல் ஐம்பதாயிரமாகவும், பிறகு ஒரு லட்சமாகவும் உயர்த்தப்பட்டது. ஒருவர் திவாலாகிவிட்டால் அவருடைய சொத்து திவால் இலாகாவின் தலைமை இயக்குநர் வசம் போய்விடும். அதன் பின் முந்திக்கொண்டவர் எடுத்துக்கொள்வது என்ற பேச்சே இல்லை. எல்லாரும் வரிசையில் நின்று பங்கு பெற வேண்டியதுதான். அப்போதுங்கூடத் தொழில் கருவிகள், உடுதுணி, படுக்கை இவற்றை மொத்தம் ஐயாயிரம் வெள்ளி மதிப்பு வரையில் அவரிடமே விட்டுவிடச் சொல்லுகிறது சட்டம்.

இன்னொன்று. கடனுக்கு வழக்குத் தொடுக்க ஆறு வருஷமே கெடு. 1953-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் அப்படிச் சொல்லுகிறது. கெடு தீருமுன் கடன்பட்டவர் "இவ்வளவு பாக்கி உண்டு" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அந்நாளிலிருந்து கெடு புதிதாக ஆரம்பிக்கும். வாய்ப்பேச்சில் நடக்கும் நம் கொடுக்கல் வாங்கலுக்கு இந்த ஒரு துண்டுக் காகிதம் எவ்வளவு பெரிய துணை என்பதை எண்ணிப் பாருங்கள்.

நான்காம் பாடம்: நாமாகவே பிடித்தால்?

"நம் பணம்தானே, நாம் எடுத்தால் யார் கேட்பார்?" என்று நினைத்துத்தான் நாமும் அன்று காலையில் போனோம். இது எவ்வளவு ஆபத்தான எண்ணம் என்பது பின்னரே தெரிந்தது.

மலேசியாவின் குற்றவியல் சட்டம் 1860-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தை ஒட்டி அமைந்தது. அந்த இந்தியச் சட்டத்தின் கீழ், பியானோத் தீர்ப்பு வந்த அதே 1895-ஆம் ஆண்டில், கல்கத்தா ஹைகோர்ட்டின் நீதிபதிகள் பலர் கூடி ஒரு முடிவு சொன்னார்கள். கடனைக் கொடுக்கும்படி நெருக்குவதற்காகக் கடன்பட்டவரின் பொருளை அவர் சம்மதமின்றி எடுத்துப் போவதும் திருட்டே என்பது அம்முடிவு. கடன் உண்மையானதாக இருப்பதால் மட்டும் எடுத்தவர் தப்ப முடியாது என்பது இதிலிருந்து விளங்கும். இந்தியாவின் சுப்ரீம் கோர்ட்டும் 2007-ல், வங்கிகள் அடியாட்களை ஏவி வாகனங்களைப் பறிக்கலாகாது, சட்ட முறைப்படியே நடக்க வேண்டும் என்று கண்டித்தது. வங்கிக்கே அப்படியென்றால் கைலிக் கடைக்காரருக்கு என்ன சொல்ல?

"அவர்தானே சாவியைக் கொடுத்தார்?" என்று நாம் வக்கீலிடம் கேட்டோம். விடியற்காலையில் இரண்டு பேர் வாசலை மறித்து நிற்கும்போது கொடுக்கும் சாவியை எந்த நீதிபதியும் மனமொத்த சம்மதமாக எடுத்துக்கொள்வது கஷ்டம் என்றார் அவர். அதற்கு நம்மிடம் பதில் இல்லை.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஒர்க்ஷாப்காரர் தம்மிடம் ரிப்பேருக்கு வந்த வண்டியை, அந்த ரிப்பேர்க் கூலி வரும் வரையில் கொடுக்காமல் நிறுத்தி வைக்கலாம். ஏனெனில் வண்டி அவரிடம் முறைப்படி வந்தது; கூலியும் அந்த வண்டிக்காகப் பட்ட உழைப்பின் கூலி. பழைய கைமாற்றுக்காக அதை நிறுத்த அவருக்கும் உரிமை இல்லை.

ஐந்தாம் பாடம்: ஷரீஅத் என்ன சொல்லுகிறது?

நம் மூத்தோர் அரபி ஓதிய கிதாபுகளில் இவ்விஷயம் 'தஃப்லீஸ்' என்னும் பாடத்தில் வருகிறது. கடன் சொத்தை மிஞ்சிப்போய், கடன்காரர்கள் காஜியிடம் முறையிட்டால், காஜி அவருடைய கையைக் கட்டி, அதாவது அவர் தம் சொத்தில் கைவைக்க முடியாதபடி தடுத்து, சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்கு விகிதப்படி பங்கிடுவார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்கள் விஷயத்தில் இவ்வாறு செய்ததாக அறிவிக்கப்பட்டுள்ளது. முஆத் (ரலி) அவர்களோ அறிவிலும் மார்க்கத்திலும் சிறந்த ஸஹாபி. பிற்பாடு அவர்களையே யமன் நாட்டுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பிவைத்தார்கள். கடனில் விழுந்தவரெல்லாம் மோசக்காரர் அல்லர் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

நம்மில் ஷாஃபியீ மத்ஹபினரும் உண்டு, ஹனஃபி மத்ஹபினரும் உண்டு. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் கண்டபடி, கடனாளியின் குடியிருக்கும் வீடும் விற்கப்படும். தகுதிக்கேற்ற உடுப்பும், பங்கிடும் நாளைக்குக் குடும்பத்தின் உணவும் விடப்படும். வீடே விற்கப்படும்போது கார் எம்மாத்திரம்? இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ, புத்தி தெளிந்த வயது வந்தவரின் சொத்தைக் காஜி அவர் சார்பில் விற்க இடம் கொடுக்கவில்லை. அவரே விற்றுக் கொடுக்கும் வரையில் காவலில் வைத்து நெருக்கலாம் என்றார்கள். அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும் காஜி விற்கலாம் என்றார்கள்.

விற்ற சரக்கு பணம் வராமலே திவாலானவரிடம் அப்படியே இருக்குமானால், விற்றவரே அதற்கு அதிக உரியவர் என்று ஒரு ஹதீஸ் உண்டு. அதன்படி ஷாஃபியீ மத்ஹபில் விற்றவர் தம் சரக்கைத் திருப்பி எடுக்கலாம். ஹனஃபி மத்ஹபில் அவரும் மற்றக் கடன்காரர்களோடு சேர்ந்தவரே.

இவ்வளவு கருத்து வேற்றுமைக்கு நடுவிலும் நம் மௌலவி ஒன்றைச் சுட்டிக்காட்டினார். எந்தக் கிதாபிலும் இந்தக் காரியத்தைச் செய்பவர் காஜிதான். கடன்காரர் ஒருவர் விடியற்காலையில் போய் மற்றவர்களுக்கு முந்தி எடுத்துக்கொள்வது இப்பாடத்தில் இல்லை. அப்படி எடுப்பவர் கடன்பட்டவருக்கு மட்டுமல்ல, மற்றக் கடன்காரர்களுக்கும் அநியாயம் செய்கிறார்.

அவகாசத்தின் விஷயமும் உண்டு. கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை பொறுத்திருக்கும்படியும், விட்டுக்கொடுத்தால் அது இன்னும் மேலானது என்றும் குர்ஆன் ஷரீஃபில் அல்பகரா அத்தியாயத்தின் 280-ஆம் வசனம் போதிக்கிறது. மறுபுறம், கையில் வைத்துக்கொண்டே இழுத்தடிப்பது அநியாயம் என்று ஹதீஸ் கண்டிக்கிறது. கனிகள் வாங்கி நஷ்டமடைந்த ஒருவருக்காக நாயகம் (ஸல்) அவர்கள் மக்களிடம் தர்மம் செய்யச் சொன்னார்கள். அதுவும் கடனுக்குப் போதாதபோது, கிடைத்ததைப் பெற்றுக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்று கடன்காரர்களிடம் கூறினார்கள். ஆகவே நாம் முதலில் தீர்மானிக்க வேண்டியது, இவர் இல்லாதவரா, இருந்தும் கொடாதவரா என்பதே. இல்லாதவருக்கு அவகாசம், கொடாதவருக்குக் கோர்ட். கொடாதவரை வழக்குக்கு இழுப்பதில் பாவம் எதுவுமில்லை.

நாம் செய்ய வேண்டியவை

கடன் கொடுக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். கடனை எழுதச் சொல்லும் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பதை நாம் ஓதுகிறோம். கடைக் கணக்கில் மறந்துவிடுகிறோம். தேதி, தொகை, கையெழுத்து மூன்றும் இருக்கட்டும்.

வாடிக்கையாளரின் காரைப் பார்த்துக் கடன் கொடுக்காதீர்கள். பெரிய கார் பெரும்பாலும் பெரிய தவணையின் அடையாளம்.

பாக்கி நின்றால் முதலில் ஆளைப் பாருங்கள், உட்கார்ந்து பேசுங்கள், வாரத் தவணை எழுதி வாங்குங்கள். ஆறு வருஷக் கெடு தீரும்வரை தூங்கிவிடாதீர்கள்.

வண்டியைத் தொடாதீர்கள். தொட வேண்டியிருந்தால் கோர்ட்டின் ஆணை தொடட்டும்.

நீங்களே கடன்பட்டவராக இருந்தால் டெலிபோனை எடுத்துப் பேசுங்கள். கடன்காரனின் கோபம் பணம் வராததனால் பாதி. பதில் வராததனால் பாதி. வங்கியின் நோட்டீஸ் வந்தால் அதைப் பெட்டியில் போட்டு மூடாதீர்கள். அந்த 21 நாள் உங்களுடையது.

முடிவு

அன்று அஸருக்கு முன்னதாகவே வேனைக் கொண்டுபோய்த் தம்பியின் வாசலில் விட்டோம். மன்னிப்புக் கேட்டோம். அவர், "பரவாயில்லை காக்கா" என்றார். ஆனால் வாசற்படியில் நின்ற அவருடைய சின்ன மகள் நம்மைக் கண்டதும் புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

அவர் அந்த வாரச் சந்தைகளுக்குப் போனார்; சொந்தத்தில் ஒருவர் கொஞ்சம் கொடுத்து உதவினார்; நாள் தீருமுன் இரண்டு தவணையையும் கட்டி வண்டியைத் தக்கவைத்துக்கொண்டார். நம் 8,400 வெள்ளியை வாரம் 150 வீதம் கொடுத்து வந்தார். சில வாரம் தவறியது. முடிவதற்குப் பதினாறு மாதம் ஆயிற்று. நம்முடன் வந்த வியாபாரி வழக்குத் தொடுத்தார். அது அவருடைய உரிமை. தீர்ப்பும் பெற்றார். ஜப்தி செய்ய ஒன்றும் இல்லாததால் அவருக்கும் முடிவில் மாதத் தவணைதான் கிடைத்தது. வேன் சந்தைக்கு ஓடியதனால்தான் இருவர் பணமும் திரும்பியது. நம் கடைக்குப் பின்னால் பூட்டிக் கிடந்திருந்தால் ஒருவர் பணமும் திரும்பியிராது.

அல்லாஹுத் தஆலா நம் கொடுக்கல் வாங்கலில் பரக்கத்தைத் தருவானாக! கொடுத்தவருக்குப் பொறுமையையும், பட்டவருக்கு நாணயத்தையும் அருள்வானாக! ஆமீன்.